"விவரம் படத்தில்" என்று எழுதியதால் அழுகிப்போன 25 கிலோ பூண்டு

போன ஆவணியில் திண்டுக்கல்லில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு 25 கிலோ மலைப்பூண்டு அனுப்பினேன். கிலோ 380 ரூபாய். 9 நாள் கழித்துக் கூப்பிட்டார். "தம்பி, சாக்கைத் திறந்தா உள்ள சூடா இருக்கு, புழுங்கின வாடை அடிக்குது, கை வச்சா வழவழன்னு ஒட்டுது" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அது பச்சைப் பூண்டு, பிடுங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. போய்ச் சேர்ந்த அன்றே சாக்கைப் பிரித்து, தாளோடு (காய்ந்த தண்டோடு) கொத்துக் கட்டி, காத்தாட நிழலில் தொங்கவிட வேண்டும். மூட்டைக்குள்ளேயே கிடந்தால் ஒரு வாரத்தில் பூசணம் பிடித்துவிடும். "படத்துலயே போட்டிருந்தேனே சார்" என்றேன். "எனக்குப் பார்வை கிடையாது தம்பி. உங்க பதிவுல 'மலைப்பூண்டு தயார், விவரம் படத்தில்'னு மட்டும்தான் என் போன் வாசிச்சுது. படத்துக்கு வந்தா 'இமேஜ்'னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுது" என்றார்.

பணம் 9,500, பார்சல் கூலி 450, இரண்டையும் அன்றே திருப்பி அனுப்பினேன். பணம் போனதைவிட, அந்த மனிதர் கோபமே படாமல் பேசியதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது. கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும், கீழ்மலைக் காப்பி, மிளகும் வாங்கிப் பார்சலில் விற்கிறேன். மூன்று வருஷமாக இன்ஸ்டாகிராம், பேஸ்புக், வாட்ஸ்அப்தான் என் கடை. அந்தக் கடைக்குள் பார்வையில்லாதவரும் காது கேளாதவரும் நுழையவே முடியாதபடி நானே கதவைச் சாத்தி வைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் இத்தனை நஷ்டம் வந்திருக்காது. அதனால் எதை எப்படிச் சரி செய்தேன், எங்கே வழுக்கினேன் என்று ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

மறுநாள் செய்த முதல் வேலை, என் பக்கத்தை அவர் கேட்கிற மாதிரி நானும் கேட்டது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அக்சசிபிலிட்டி, டாக்பேக் என்று போனால் திரையை வாசித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. காசு கிடையாது. ஆனால் அதை ஆன் செய்யும் முன் ஷார்ட்கட்டை வைத்துக்கொள்ளுங்கள்: சத்தம் கூட்டும் பொத்தான், குறைக்கும் பொத்தான் இரண்டையும் சேர்த்து 3 நொடி அழுத்தினால் ஆன், மறுபடி அழுத்தினால் ஆஃப். இதைச் செய்யாமல் ஆன் செய்துவிட்டு, எதைத் தொட்டாலும் திறக்காமல் அரை மணி நேரம் தவித்தேன். டாக்பேக் ஓடும்போது ஒரு தட்டு தட்டினால் அது என்ன என்று வாசிக்கும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததுக்குப் போகும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். தமிழ்க் குரலைத் தனியாக இறக்க வேண்டியிருக்கலாம். டெக்ஸ்ட் டு ஸ்பீச் அமைப்பில் வாய்ஸ் டேட்டாவுக்குப் போய்த் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இல்லாத போன் தமிழ் வரி வந்ததும் வாயை மூடிக்கொள்ளும். ஐபோனில் இதே வேலையைச் செய்வது வாய்ஸ்ஓவர்.

கண்ணை மூடிக்கொண்டு என் பக்கத்தில் இருபது பதிவு கேட்டேன். வெட்கமாக இருந்தது. பேஸ்புக்கில் ஒரு பூண்டுப் படத்துக்கு அதுவாகவே "காய்கறி இருக்கும் படமாக இருக்கலாம்" என்கிற அர்த்தத்தில் இங்கிலீஷில் சொன்னது. இந்தத் தானியங்கி விவரிப்பு 2016லிருந்தே இருக்கிறது. இயந்திரம் ஊகித்துச் சொல்வதால் விலையும் எடையும் அதில் வராது, பச்சையா காய்ந்ததா என்பதும் வராது. அழகுக்காக வரிசையாகப் போட்ட பச்சை இலைப் பொம்மை (எமோஜி) ஆறையும் ஆறு தடவை பெயர் சொல்லி வாசித்தது. பதிவுகளுக்கு நடுவே நான் இழுத்திருந்த நட்சத்திரக் கோடும் அப்படித்தான். என் கடைப் பெயரை இங்கிலீஷில் வளைவு எழுத்தில் எழுதியிருந்தேன். அது எழுத்தே இல்லை, கணிதக் குறியீடுகள். ஒவ்வொன்றையும் "கணிதத் தடித்த பெரிய எழுத்து" என்று சொல்லிக்கொண்டே போனது, கடைசிவரை கடைப் பெயர் வரவில்லை.

அடுத்து ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துக்கான மாற்று உரை. பார்க்கிறவர்களின் கண்ணுக்குப் படாமல் படத்தின் பின்னால் ஒட்டி நிற்கும் எழுத்து அது; டாக்பேக் அதைத்தான் வாசிக்கும். இன்ஸ்டாகிராமில் 2018லிருந்து இருக்கிறது. பதிவு போடும் கடைசித் திரையில் கீழே இறங்கினால் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் அல்லது மோர் ஆப்ஷன்ஸ், அதற்குள் ரைட் ஆல்ட் டெக்ஸ்ட். செயலி புதுப்பிக்கும்போது இடம் கொஞ்சம் மாறும், தேடிப் பிடிக்க வேண்டும். பழைய பதிவுக்கு மூன்று புள்ளி, எடிட் என்று போனால் படத்தின் மேலேயே எடிட் ஆல்ட் டெக்ஸ்ட் தெரியும். ஒரே பதிவில் 5 படம் என்றால் ஐந்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். முதல் படத்துக்கு மட்டும் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தேன், மீதி நான்கும் ஊமையாகவே கிடந்தன. எக்ஸ் தளத்தில் படத்தைச் சேர்த்ததும் ஆல்ட் பொத்தான் வரும். 1,000 எழுத்து வரை இடம் உண்டு. வாட்ஸ்அப்பில் ஆல்ட் டெக்ஸ்ட் போட நான் வழி பார்க்கவில்லை, அதனால் அங்கே படத்தின் கீழே எழுதுவதுதான் எல்லாம். நம் படத்தை மற்றவர் பகிரும்போது அந்த எழுத்து கழன்று போகலாம் என்பதால், விலைப்பட்டியலைத் தனிச் செய்தியாகவும் அனுப்பிவிடுகிறேன்.

என்ன எழுதுவது என்பதில்தான் அதிகம் தடுமாறினேன். முதல் வாரம் "பூண்டுப் படம்" என்று எழுதி வைத்தேன். டாக்பேக்கே படம் என்று சொல்லிவிடுகிறது, நானும் படம் என்றால் "பூண்டுப் படம், படம்" என்று கேட்கும். அடுத்த வாரம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, மேகம், படிக்கட்டு வயல், தூரத்து மலை என்று பத்து வரி எழுதினேன். சாரிடம் அனுப்பிக் கேட்டேன். "தம்பி, வர்ணனை நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் வாங்க வந்தவன். சரக்கு, எடை, விலை முதல்ல. மலை பின்னால வரட்டும்" என்றார். இப்போது எழுதுவது இப்படி: "தாளோடு கட்டி உத்தரத்தில் தொங்கும் மலைப்பூண்டுக் கொத்துகள். தோல் வெளிர் மஞ்சள். ஒரு முழுப் பூண்டு 25 கிராம் அளவு, பக்கத்தில் வைத்த எலுமிச்சையைவிடக் கொஞ்சம் சிறிது." மூன்று வரி, முற்றுப்புள்ளியோடு. புள்ளி வைத்தால்தான் குரல் நின்று மூச்சு விட்டு அடுத்ததுக்குப் போகும். இதே படத்தைச் சுற்றுலாப் பக்கம் நடத்துகிறவர் போட்டால் அங்கே மேகமும் வயலும்தான் முதலில் வர வேண்டும். யாருக்கு, எதற்காகப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து வார்த்தை மாறும்.

எழுத்து அச்சிட்ட போஸ்டர் என்றால் அதில் இருக்கும் அத்தனை எழுத்தும் பதிவின் உரையில் வந்தாக வேண்டும். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்து வரை எழுதலாம், எந்தப் போஸ்டருக்கும் அது போதும். ஆல்ட் டெக்ஸ்டிலேயே முழுவதையும் திணித்துவிடலாமே என்று நினைக்க வேண்டாம். போன் எண்ணையும் கணக்கு விவரத்தையும் அங்கிருந்து நகலெடுப்பது சிரமம். அதோடு நம் மலையில் பல வளைவுகளில் சிக்னல் இருக்காது. படம் சுழன்றுகொண்டே இருக்கும், உரை மட்டும் வந்துவிடும். உரையில் இருப்பது எல்லோருக்கும் போய்ச் சேருகிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே சில குழிகள் இருக்கின்றன. இங்கிலீஷ் வழிகாட்டிகளில் இவை இருக்காது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். விலைப்பட்டியலை டவுனில் ஒரு டிடிபி கடையில் பிடிஎஃப்பாக அடித்து வாங்கியிருந்தேன். கண்ணுக்கு அழகான தமிழ். டாக்பேக்கில் கேட்டால் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கூட்டல் குறியுமாக ஏதோ உளறுகிறது. காரணம் பாமினி எழுத்துரு. பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துதான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட், அதாவது எல்லாப் போனும் தமிழ் என்றே புரிந்துகொள்ளும் பொது எழுத்து முறை; குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு வரி வரியாகப் படிக்க வேண்டும், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறியிருக்கும். டிடிபி கடைக்காரரிடம் ஆரம்பத்திலேயே "யூனிகோடில் அடித்துக் கொடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டால் இந்த வேலையே இல்லை.

இன்னொன்று என் கண்ணுக்குத் தெரியவே தெரியாதது. "௭ன்ன விலை" என்று ஒரு பதிவில் இருந்தது. அது எகரம் இல்லை, தமிழ் எண் ஏழு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், குரலுக்கு அது எழுத்தே அல்ல. துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருந்த இடங்களும் இருந்தன. கண் மன்னித்துவிடும், காது மன்னிக்காது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவதையும் விட்டுவிட்டேன். அதை இங்கிலீஷ் குரல் வாசித்தால் "பூண்டு" என்பது என்னவோ போலக் கேட்கிறது.

சுருக்கெழுத்தும் அப்படித்தான். "380/-" என்றால் "முன்னூற்றெண்பது ஸ்லாஷ்" என்கிறது. "250கி" என்றால் கிராமா கிலோவா என்று கேட்பவருக்குத் தெரியாது. "380 ரூபாய்", "250 கிராம்" என்று முழுதாக எழுத வேண்டும். பத்து இலக்கப் போன் எண்ணைச் சேர்த்து எழுதினால் சில குரல்கள் கோடிக் கணக்கில் வாசிக்கின்றன. ஐந்து ஐந்தாக இடைவெளி விட்டால் போதும். தேதியை 5/9 என்று எழுதாமல் செப்டம்பர் 5 என்று எழுதுங்கள். ஹேஷ்டேக்கில் இங்கிலீஷ்காரர்கள் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாகப் போட்டுச் சொல் பிரிப்பார்கள். நமக்குப் பெரிய எழுத்து கிடையாது, அதனால் #மேல்மலை_பூண்டு என்று அடிக்கோடு போடுகிறேன். ஹேஷ்டேக்கும் பொம்மையும் பதிவின் கடைசியில்தான் வர வேண்டும்; நடுவில் வந்தால் கேட்பவருக்கு வாக்கியம் அறுந்துபோகும்.

வீடியோவில்தான் இரண்டாவது நஷ்டம். என் 18 ரீல்ஸிலும் பேசுவதைத் திரையில் எழுத்தாகப் போட ஒரு தம்பியிடம் கொடுத்தேன், ஒன்றுக்கு 250 வீதம் 4,500 ரூபாய். ஒரு சொல் மட்டும் பெரிதாக வந்து துள்ளி மறையும், பிறகு அடுத்த சொல். பார்க்கக் கலகலப்பாக இருந்தது. வத்தலக்குண்டில் பேக்கரி வைத்திருக்கும் ஓர் அக்கா என் வாடிக்கை, அவருக்குக் காது கேட்காது. "எழுத்தைப் பார்த்தா பூண்டைப் பார்க்க முடியல, பூண்டைப் பார்த்தா எழுத்து போயிடுது" என்று செய்தி அனுப்பினார். 18ஐயும் நானே திரும்பச் செய்தேன். அதில் கற்றது: ஒரு நேரத்தில் இரண்டு வரி, நிமிர்ந்த வீடியோவில் வரிக்கு 20 எழுத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தது 2 நொடி நிற்க வேண்டும். திரையின் கீழ்க் கால்வாசியிலும் வலது ஓரத்திலும் செயலியின் பொத்தான்கள் ஏறி உட்கார்ந்துவிடும், எழுத்தை அதற்கு மேலே வைக்க வேண்டும். பேச்சு மட்டும் போதாது. மழை கொட்டும் சத்தத்தில் நான் கத்திப் பேசுகிறேன் என்றால் "(பலத்த மழை)" என்று போட வேண்டும், இல்லாவிட்டால் இவன் ஏன் முறைத்துக்கொண்டு பேசுகிறான் என்றுதான் அவருக்குத் தோன்றும். எழுதும் தமிழும் சின்னச் சின்ன வாக்கியமாக இருப்பது நல்லது. சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி.

யூடியூப்பில் எழுத்தை வீடியோவுக்குள் பதிக்காமல் தனிக் கோப்பாகக் கொடுப்பதே நல்லது. பார்ப்பவர் பெரிதாக்கிக்கொள்ளலாம், சிக்னல் குறைந்து வீடியோ கலங்கினாலும் எழுத்து தெளிவாக நிற்கும். நோட்பேடே போதும். முதல் வரியில் வரிசை எண் 1. இரண்டாவது வரியில் 00:00:01,000 --> 00:00:04,500 என்று நேரம். மூன்றாவதில் பேச்சு. பிறகு ஒரு வெற்று வரி, அடுத்து 2. நொடிக்கும் மில்லிநொடிக்கும் நடுவே கமாதான் வர வேண்டும், புள்ளி வைத்து ஒரு கோப்பு எனக்கு ஏறவில்லை. சேமிக்கும்போது கோப்பின் பெயர் .srt (எஸ்ஆர்டி) என்று முடிய வேண்டும், என்கோடிங் யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும். மறந்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். யூடியூப் ஸ்டூடியோவில் சப்டைட்டில்ஸ் பகுதிக்குப் போய், மொழி தமிழ் என்று கொடுத்து ஏற்ற வேண்டும். 3 நிமிட வீடியோவுக்கு முதலில் 2 மணி நேரம் பிடித்தது. இப்போது 40 நிமிடம். முன்னாலேயே பேச்சை எழுதி வைத்துவிட்டுப் பேசுவதால் அந்த நேரம் மிச்சம்.

அதே வீடியோ பார்வையில்லாதவருக்கும் போய்ச் சேர வேண்டுமே. "இது முதல் ரகம், இது ரெண்டாம் ரகம், வித்தியாசம் பாருங்க" என்று கையில் தூக்கிக் காட்டியிருந்தேன். சாருக்கு அதில் ஒன்றுமே இல்லை. திரும்ப எடுத்தபோது "முதல் ரகத்துல ஒரு பல்லு சுண்டுவிரல் நுனி அளவு இருக்கும், ரெண்டாம் ரகம் அதுல பாதி" என்று வாயால் சொன்னேன். பாட்டை மட்டும் ஓடவிட்டு விவரத்தைத் திரையில் எழுத்தாகக் காட்டும் ரீல்ஸை நிறுத்தியேவிட்டேன். பார்வையில்லாதவர் காதில் அதில் பாட்டு மட்டும்தான் விழும். பளிச் பளிச்சென்று வெட்டும் ஒளி நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் போகக் கூடாது, சிலருக்கு வலிப்பு வரும்.

பார்வை மங்கியவர்கள், கண்புரை வந்த நம் வீட்டுப் பெரியவர்கள் உட்பட, இன்னொரு கூட்டம். மஞ்சு மூடிய மலைப் படத்தின்மேல் வெள்ளை எழுத்து போடுவது நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஒத்துக்கொண்ட அளவு, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். இணையத்தில் இலவசமாக அளந்து பார்க்கலாம். அளக்க நேரமில்லை என்றால் எழுத்துக்குப் பின்னால் ஒரு கருப்புப் பட்டை போடுங்கள். ஒல்லியான அலங்கார எழுத்துருவைத் தமிழில் தவிருங்கள். சின்னதாகும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி, "பால்" "பால" ஆகிவிடும். இருப்பு உண்டு என்பதற்குப் பச்சை வட்டம், தீர்ந்தது என்பதற்குச் சிவப்பு வட்டம் போட்டிருந்தேன். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் "இருக்கு", "தீர்ந்தது" என்று ஒரு சொல் போட எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஹோம்ஸ்டே நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. "வீல்சேர் வரலாம்" என்று பொத்தாம்பொதுவாகப் போடாதீர்கள். நம் மலையில் ரோட்டிலிருந்து வீடு ஒன்று மேலே இருக்கும் அல்லது கீழே இருக்கும். ரோட்டிலிருந்து எத்தனை படி, சரிவில் பிடிமானம் உண்டா, கதவு எத்தனை அங்குலம், கழிப்பறைக்கு உள்ளே படி இருக்கிறதா என்று எண்ணால் எழுதுங்கள். கதவு 32 அங்குலத்துக்குக் குறைந்தால் பல சக்கர நாற்காலிகள் நுழையத் திணறும். 11 படி என்று உண்மையை எழுதினால் வருகிறவர் முடிவு செய்துகொள்வார். எழுதாமல் விட்டால் மதுரையிலிருந்து கார் பிடித்து வந்து, வாசலில் நின்று திரும்பிப் போவார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016ன் 42ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வருவதெல்லாம் அவர்கள் அணுகக்கூடிய வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதியை அணுகுவது வாழும் உரிமையிலேயே சேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. இதைச் சார்தான் எனக்குப் படித்துக் காட்டினார், அவர் போன் வாசிக்க வாசிக்க.

பழைய பதிவு 310 இருந்தது. தினம் ராத்திரி ஒரு மணி நேரம், ஆறு வாரம் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை என்பது பாதியில்தான் உறைத்தது. விலை மாறிப்போன பதிவுகளை மறைத்துவிட்டு, மேலே குத்தி வைத்த மூன்று பதிவு, இப்போது விற்கும் சரக்கு, பூண்டு, காப்பி பாதுகாக்கும் முறை, இவற்றை முதலில் முடித்திருந்தால் இரண்டே வாரம்தான். புதுப் பதிவு ஒன்றுக்கு இப்போது கூடுதலாக 5 நிமிடம் ஆகிறது. போடுவதற்கு முன் சத்தப் பொத்தான் இரண்டையும் அழுத்தி டாக்பேக்கை ஆன் செய்து, போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.

தை மாதம் சார் மறுபடி 10 கிலோ கேட்டார். பூண்டு அனுப்பிய அன்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பினேன்: "காய்ந்த பூண்டு. 10 கிலோ. கொத்துக்கு ஒரு கிலோ. சாக்கைப் பிரித்துக் காற்றுப் படத் தொங்கவிடுங்கள் சார்." சாயங்காலம் பதில் வந்தது. பத்துக் கொத்தையும் தொட்டு எண்ணிவிட்டதாகவும், சமையலறை ஜன்னலோரம் கொடி கட்டியாகிவிட்டது என்றும்.